வலவன் வேண்டாத ஊர்தி

தமிழில் ஓடுவது வேறு, ஓட்டுவது வேறு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. பள்ளிக்கூட இலக்கணத்தில் படித்து மறந்த இந்தச் சிறு வேறுபாட்டை மீண்டும் எடுத்துப் பேச வேண்டிய அவசியம் வந்திருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளைப் பற்றி இன்று நடக்கும் பேச்சில் பிறவினை ஏறத்தாழ மறைந்துவிட்டது. "இந்த வண்டி மலை ஏறும்", "இது ஆற்றைக் கடக்கும்", "மணலும் சேறும் இதற்கு ஒரு பொருட்டல்ல". எல்லா வாக்கியங்களுக்கும் வண்டியே எழுவாய். ஏற்றுகிறவர், கடத்துகிறவர், வேண்டாமென்று திருப்புகிறவர் யாரும் அவற்றுக்குள் இல்லை. விளம்பரக்காரர்கள் இப்படி எழுதுவதில் நமக்கு வியப்பில்லை, விற்பது அவர்கள் தொழில். ஆனால் வண்டிகளைப் பற்றி விவரமாக எழுதுகிறவர்களும், சாலையில்லாத நிலத்தில் ஓட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் இதே இலக்கணத்தில் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அதுதான் நம்மை இந்தக் கட்டுரைக்குத் தள்ளியது.

விவாதம் பழையது. கரடுமுரடான நிலத்தைக் கடக்க வைப்பது ஓட்டுகிறவரின் திறமையா, வண்டியின் திறனா? வண்டியின் திறனே என்கிறது ஒரு தரப்பு. இன்றைய வண்டிக்குள் கணினி இருக்கிறது, நிலத்துக்கேற்ற திருகைத் திருப்பிவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று அது வாதிடுகிறது. கை பழகியவனுக்கு எந்த வண்டியும் ஒன்றுதான் என்கிறது மறுதரப்பு. முதல் தரப்பை நாம் மறுக்கிறோம். இரண்டாவதோடும் நமக்கு ஒரு வழக்கு உண்டு, அதற்குப் பிறகு வருவோம். இலக்கியம் பேசும் இடத்தில் டயருக்கும் கிளட்சுக்கும் என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். கருவிக்கும் கைக்கும் இடையிலான உறவு இலக்கியத்துக்குப் புறம்பான விஷயம் என்று நாம் ஒருபோதும் நினைத்ததில்லை.

இயந்திரத்திலிருந்தே தொடங்குவோம். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் உருள வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவதற்காக அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். தார்ச்சாலையில் அது இன்றியமையாதது. சேற்றில் அதுவே எதிரி. அது இரு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் பகிர்ந்தளிக்கும். ஒரு சக்கரம் பிடிமானமில்லாமல் சுழன்றால், அதைச் சுழற்றத் தேவைப்படும் சொற்ப விசை மட்டுமே கெட்டித்தரையில் நிற்கும் மறுசக்கரத்துக்கும் போய்ச் சேரும். ஆகவே முன்னச்சில் ஒரு சக்கரமும் பின்னச்சில் ஒரு சக்கரமும் பிடிப்பை இழந்துவிட்டால், நான்கு சக்கரத்துக்கும் இயக்கம் உள்ள வண்டியும் அசையாமல் நிற்கும். பெயரில் நான்கு இருப்பதால் நான்கும் இழுக்கும் என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும்.

இதற்கு மாற்றாக வந்தது டிஃபரன்ஷியல் பூட்டு. அதைப் போட்டால் இரு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுழலும். பிறகு மின்னணு முறை வந்தது. வீணாகச் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தி, மறுபக்கத்துக்கு விசை போகும்படி செய்வது அது. 2004இல் வந்த லேண்ட்ரோவர் டிஸ்கவரியின் மூன்றாம் பதிப்பு, சேறு, மணல், பாறை என்று நிலவகைகள் வரைந்த ஒரு திருகை முன்பலகையில் வைத்தது. இன்று ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் அதற்கு ஒரு பெயர் வைத்து விற்கின்றன. இவை மோசமான கண்டுபிடிப்புகள் அல்ல, சில மிக நல்லவை. ஆனால் இரண்டுக்கும் இடையில் உள்ள ஒரு வேறுபாட்டை யாரும் சொல்வதில்லை. பூட்டை ஓட்டுநர் முன்கூட்டியே போட வேண்டும். பத்தடிக்கு அப்பால் இருக்கும் பள்ளத்தைப் பார்த்து, அங்கே எந்தச் சக்கரம் தொங்கும் என்று கணித்து, வண்டி அந்த இடத்தைத் தொடுமுன் போட வேண்டும். மின்னணு முறையோ சக்கரம் வழுக்கியதை உணர்ந்த பின்புதான் வேலையைத் தொடங்கும். வழுக்கலுக்கும் திருத்தத்துக்கும் இடையில் ஒரு கணத்தின் சிறு துண்டே கழிகிறது என்பது உண்மை. ஆனாலும் அது நிலத்தைப் பார்க்கவில்லை, நிலத்திடம் தோற்ற பிறகு கணக்கை நேர் செய்கிறது.

இத்தனை பல்சக்கரங்களும் கணினிகளும் சேர்ந்து கொண்டுவரும் விசை கடைசியில் தரையைத் தொடும் இடம் டயருக்கு ஓர் உள்ளங்கை அளவு. உராய்வு இல்லாத இடத்தில் எந்த எஞ்சினாலும் உராய்வை உண்டாக்க முடியாது. அந்த உள்ளங்கையைப் பெரிதாக்க ஒரே வழி டயரில் காற்றைக் குறைப்பது. சாலையில் 32 பவுண்டு காற்றோடு ஓடும் டயரை மணலில் 16க்கு இறக்கினால் அதன் தடம் நீளும். அகலமாவதைவிட நீளமாவதுதான் அதிகம். எடை பரவும், டயர் மணலைத் தோண்டுவதற்குப் பதிலாக அதன் மேல் நடக்கும். சில இராணுவ வண்டிகளையும் விரல்விட்டு எண்ணக்கூடிய வேறு சிலவற்றையும் தவிர்த்தால் எந்த வண்டியும் இதைத் தானே செய்துகொள்வதில்லை. யாராவது கதவைத் திறந்து இறங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்க வேண்டும். சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் மீண்டும் அடைக்க வேண்டும். பெரும்பாலான மணல் சிக்கல்களுக்கு முதல் மருந்து இதுதான். விளம்பரப் படம் எதிலும் ஒருவர் டயர் பக்கத்தில் குந்தியிருப்பதை நாம் பார்த்ததில்லை.

இந்த மருந்தை அறிந்து பயன்படுத்தியவர்களில் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். இந்த விவாதத்தை நம்மைப் பொறுத்தவரை தீர்த்து வைப்பது அவருடைய வாழ்க்கைதான்.

ரால்ஃப் பாக்னால்டு பிரிட்டிஷ் இராணுவத்தில் பொறியாளர். 1926இல் எகிப்துக்கு மாற்றலாகி வந்தார். விடுமுறை நாட்களில் நண்பர்களோடு ஃபோர்டு மாடல் டி கார்களிலும் பிறகு மாடல் ஏ கார்களிலும் பாலைவனத்துக்குள் போகத் தொடங்கினார். இரண்டுமே பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டிகள், நகரத்துத் தெருவிலும் பண்ணைச் சாலையிலும் ஓடுவதற்குச் செய்யப்பட்டவை. எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அணியணியாக நீளும் மணற்குன்றுகள் உண்டு. பெரும் மணற்கடல் என்று பெயர். அதன் குறுக்கே சக்கர வண்டி போகாது என்று கருதப்பட்ட காலம் அது. பாக்னால்டும் அவருடைய தோழர்களும் போனார்கள்.

எப்படி? காற்றைக் குறைத்தார்கள். பழைய சாமான் கடையில் கிடைத்த இரும்புத் தகட்டு வாய்க்கால்களை எடுத்துப்போய், புதைந்த சக்கரத்துக்கு முன்னால் போட்டு வண்டியை அதன்மேல் ஏற்றினார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குக் கூரையிடச் செய்யப்பட்டவை அந்தத் தகடுகள். கொதிக்கும் ரேடியேட்டரிலிருந்து வெளியேறும் நீராவியை ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் நிரம்பிய டப்பாவுக்குள் விட்டார்கள். ஆவி அங்கே குளிர்ந்து நீராகும், எஞ்சின் ஆறியதும் அந்த நீர் தானே ரேடியேட்டருக்குத் திரும்பும். பாலைவனத்தில் ஒரு குவளைத் தண்ணீர் என்ன விலை என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு. வண்டியின் இரும்பு காந்த ஊசியைக் குழப்புகிறது என்பதால், வட்டத் தகட்டின் நடுவே நட்ட ஊசியின் நிழலைக் கொண்டு திசையறியும் சூரியத் திசைகாட்டியைச் செப்பம் செய்துகொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக மணலைப் படித்தார். காற்று வீசும் பக்கத்துச் சரிவில் மணல் இறுகிக் கிடக்கும், மறைவுப் பக்கத்தில் சரிந்து விழுந்த மணல் ஏறத்தாழ 33 பாகைச் சாய்வில் பொலபொலவென்று நிற்கும். ஒன்றின்மேல் வேகத்தோடு ஏறலாம், மற்றதில் நின்றால் புதைவோம். உச்சிக்கு வரும்போது வேகம் மிச்சமிருக்க வேண்டும், ஆனால் மறுபக்கத்தில் பாய்ந்து விழும் அளவுக்கு இருக்கக் கூடாது. நடுப்பகலில் நிழலே இல்லாமல் வெளுத்துக் கிடக்கும் மணலில் மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்தக் கடைசிச் சில கஜங்கள் என்ன மாதிரியான கணக்கு என்பது புரியும்.

இந்தப் படிப்பு ஓட்டுவதோடு நிற்கவில்லை. இங்கிலாந்து திரும்பியதும் காற்றுச் சுரங்கம் கட்டி மணல் எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்தார். காற்றால் நகரும் மணலின் இயற்பியல் பற்றிய அவருடைய நூல் 1941இல் வெளிவந்தது. செவ்வாய்க் கிரகத்தின் மணற்குன்றுகளைப் புரிந்துகொள்ளவும் அது பிற்காலத்தில் பயன்பட்டது. அங்கே ஒரு குன்றுத் தொகுதிக்கு அவருடைய பெயரே இருக்கிறது. காரோட்டியின் கண் விஞ்ஞானியின் கண்ணாக முதிர்ந்த கதை இது. இலக்கிய வாசகர்களுக்கு ஓர் உபரிச் செய்தி: 'நேஷனல் வெல்வெட்' எழுதிய எனிட் பாக்னால்டு இவருடைய அக்கா. அந்த நாவலும் தம்பியின் பாலைவனப் பயண நூலும் 1935 என்ற ஒரே ஆண்டில் வெளிவந்தன. கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சியின் 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' நாவலைப் படித்தவர்களுக்கு இந்தப் பாலைவனமும் இந்தக் கார்களும் ஏற்கெனவே பழக்கம்தான்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். அன்றைக்கு அவர்களுக்கு வேறு வண்டி இல்லை, இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள், நான்கு சக்கர இயக்கம் கிடைத்திருந்தால் விட்டிருப்பார்களா? நியாயமான கேள்வி. விடை வரலாற்றிலேயே இருக்கிறது. 1940 ஜூலையில் பாக்னால்டு கெய்ரோவில் லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் என்ற படைப்பிரிவை உருவாக்கினார். எதிரிப் படைகளுக்குப் பின்னால் பாலைவனத்தின் ஆழத்தில் ஆயிரக்கணக்கான மைல் திரிந்து உளவறிவது அதன் வேலை. முதலில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நியூசிலாந்துக்காரர்கள், அவர்களில் பலர் பண்ணையில் வண்டியோடும் பழுதோடும் பழகியவர்கள். இரண்டு சக்கர இயக்கம் கொண்ட செவர்லே லாரிகளோடு தொடங்கினார்கள். 1941இல் அவற்றுக்குப் பதிலாக நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஃபோர்டு லாரிகள் வந்தன. எடை கூடுதல், எரிபொருளையும் ஏறத்தாழ இரு மடங்கு குடித்தன. 1942இல் அந்த ஃபோர்டுகளைப் படிப்படியாக விலக்கிவிட்டு மீண்டும் இரண்டு சக்கர இயக்கச் செவர்லேக்களுக்கே திரும்பினார்கள்.

இந்த முடிவை நாம் மிக முக்கியமாகக் கருதுகிறோம். அவர்கள் போட்டிக்குப் போனவர்கள் அல்லர், வண்டி நின்றால் உயிர் போகும். நான்கு சக்கர இயக்கம் தரும் கூடுதல் பிடிப்பு ஒரு தட்டில், கூடுதல் எடையும் எரிபொருளும் மறுதட்டில். முதல் தட்டில் கிடைப்பதன் பெரும்பகுதியைத் தங்கள் ஓட்டுநர்களின் கையும் கண்ணும் இரண்டு இரும்புத் தகடுகளும் கொடுத்துவிடும் என்று நிறுத்துப் பார்த்து முடிவு செய்தார்கள். அதே ஆண்டில் ஜீப்பும் அந்தப் பாலைவனத்துக்கு வந்தது, அவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. சிறிய இலேசான வண்டி அது. எந்த வேலைக்கு எது என்று தெரிந்து எடுத்தார்கள். தெரிந்து எடுப்பதற்குப் பெயர் என்ன என்பதுதான் நம் கேள்வி.

இயந்திரத் தரப்புக்கு நாம் ஒப்புக்கொடுக்க வேண்டியவை உண்டு. பாறை மணலைப் போல இளகிக் கொடுப்பதில்லை. வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து 17 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், இரு சக்கரங்களுக்கு நடுவில் நிமிர்ந்து நிற்கும் 30 சென்டிமீட்டர்ப் பாறையை எந்த மேதையாலும் தாண்டவைக்க முடியாது. மூக்கு முட்டாமல் ஏற ஒரு கோணம், வால் இடிக்காமல் இறங்க ஒரு கோணம், நடுவில் மாட்டாமல் கடக்க ஒரு கோணம் என்று ஒவ்வொரு வண்டிக்கும் வடிவம் விதித்த எல்லைகள் உள்ளன. லோ கியர் இல்லாத வண்டியைச் செங்குத்தான பாறை வழியில் நடைவேகத்துக்கும் குறைவாக இறக்குவது பிரேக்கைக் கருக்கும் வேலை. இதையெல்லாம் மறுப்பவர் இயற்பியலை மறுக்கிறார். கை பழகியவனுக்கு எல்லா வண்டியும் ஒன்று என்று மீசையை முறுக்கும் இரண்டாம் தரப்போடு நமக்குள்ள வழக்கும் இதுதான். தன் வண்டியின் அடிவயிற்று உயரத்தை அறியாதவருக்கு எதை ஓட்டத் தெரியும்? திறமை என்று நாம் சொல்வது துணிச்சலை அல்ல. துணிச்சல் யாருக்கும் வரும், இரண்டு நண்பர்கள் பக்கத்தில் நின்று கைப்பேசியில் படம் பிடித்தால் போதும். இறக்கத்தில் வண்டியின் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் மின்னணு முறையை ஏளனம் செய்வதை வீரமாக நினைக்கிற பழைய கைகளையும் நாம் அறிவோம். அவர்களுக்கும் இந்தக் கட்டுரையில் இடமில்லை.

திறமை எங்கே இருக்கிறது என்பதை ஒரே ஒரு சூழ்நிலையைக் கொண்டு சொல்லிவிடலாம். செங்குத்தான மண்மேட்டில் ஏறுகிறோம். முக்கால் தூரத்தில் சக்கரங்கள் வழுக்கி வண்டி நின்றுவிடுகிறது. பழகாதவர் மூன்றில் ஒன்றைச் செய்வார். ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தி மண்ணைத் தோண்டுவார், அல்லது கிளட்சை மிதித்துவிடுவார், அல்லது வண்டியைப் பக்கவாட்டில் திருப்பிக் கீழே பார்க்க வைத்து இறங்க நினைப்பார். கிளட்சை மிதித்தால் எஞ்சினின் பிடி விட்டுப்போய், வண்டி பின்னோக்கித் தன் எடையில் ஓடும். அப்போது பிரேக்கை அடித்தால் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், ஸ்டீயரிங்குக்கு வண்டி கட்டுப்படாது. பக்கவாட்டில் திருப்பினால் உருளும். பழகியவர் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்துகிறார், ரிவர்ஸ் கியருக்கு மாற்றுகிறார், சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்கிறார், பிரேக்கை மெல்ல விட்டு எஞ்சினின் பிடியிலேயே வந்த தடத்தில் பின்னோக்கி இறங்குகிறார். அவ்வளவுதான். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஏறத் தொடங்குமுன்பே இறங்கும் வழியை அவர் பார்த்து வைத்திருந்தார் என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வண்டியின் திறன் கூடக்கூட இந்த அறிவு குறைந்த அளவே போதும் என்கிறார்கள். நாம் பார்த்தவரை நேர் எதிர். சாதாரணக் கார் சேற்றின் ஓரத்திலேயே திணறும், ஓட்டுகிறவருக்கு எச்சரிக்கை அங்கேயே கிடைத்துவிடும், நான்கு பேர் தள்ளினால் வெளியே வந்துவிடும். பூட்டுகளும் பெரிய டயர்களும் கொண்ட இரண்டரை டன் வண்டி அந்த ஓரத்தைக் கவனிக்காமலே தாண்டும். அது நிற்கும் இடம் சேற்றின் நடு. அங்கிருந்து அதை எடுக்க இன்னொரு பெரிய வண்டியும் வின்ச்சும் வேண்டும். இழுவைப் பட்டையை மாட்டக் கூடாத இடத்தில் மாட்டி இழுத்தால் அறுந்து தெறிக்கும் இரும்புத் துண்டு தோட்டாவைப் போல வரும். டிரெய்லர் மாட்டும் குண்டில் பட்டையை மாட்டி இழுத்து, குண்டு பிய்த்துக்கொண்டு வந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். கணினி வழுக்கலைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டே வருவதால், நிலம் மோசமாகிக்கொண்டிருக்கும் செய்தி ஓட்டுகிறவரின் கைக்கும் இடுப்புக்கும் வந்து சேர்வதில்லை. சேரும்போது காலம் கடந்திருக்கும்.

நம் நாட்டிலேயே இதைப் பார்த்தோம். 2022 ஏப்ரலில் லடாக்கின் பாங்காங் ஏரித் தண்ணீருக்குள் ஒரு சொகுசு வண்டியை ஓட்டி, நாற்காலி மேசை போட்டுக் கொண்டாடிய காட்சி நாடெங்கும் பரவியது. 2023 டிசம்பரில் இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பகுதியில், நெரிசலில் நின்ற சாலையை விட்டு இறங்கி ஒருவர் சந்திரா நதிக்குள்ளேயே வண்டியை ஓட்டினார், காவல்துறை அபராதம் விதித்தது. அதைப் பார்த்துப் பலர் வண்டியைப் புகழ்ந்தார்கள். வண்டி கடந்தது உண்மை. ஆனால் ஓடும் நீர் கதவின் அடிமட்டத்துக்கு மேலே ஏறத் தொடங்கினால் வண்டி மிதக்கப் பார்க்கும், டயரின் மேல் எடை குறையும், பக்கவாட்டு நீரோட்டம் அதைத் தூக்கிக்கொண்டு போகும். எஞ்சின் காற்றிழுக்கும் வாய்க்குள் நீர் புகுந்தால் சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கம்பி வளையும். ஆற்றைக் கடக்கத் தெரிந்தவர் முதலில் கோலூன்றி நடந்து ஆழம் பார்ப்பார். நடந்து கடக்க முடியாத நீரோட்டத்தில் வண்டியை இறக்க மாட்டார். நெரிசலைத் தவிர்ப்பதற்காக அவர் ஆற்றில் இறங்கவே மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீண் சுழற்சியில் தோண்டப்படும் நிலமும் யாரோ ஒருவருடைய மேய்ச்சல் வெளி, யாரோ ஒருவருடைய குடிநீர்.

இந்தப் பேச்சில் நம்மை உண்மையாகவே கோபப்படுத்தும் விஷயம் வேறொன்று. கொழுக்குமலைக்குப் போனவர்களுக்கு அது தெரிந்திருக்கும். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த மலை, ஆனால் வண்டி வழி இருப்பது கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. 7,000 அடிக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குக் கற்கள் பெயர்ந்து கிடக்கும் தடத்தில் ஜீப்புகள் மட்டுமே ஏறுகின்றன. சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் இருட்டில் புறப்படுகின்றன. பழைய ஜீப்புகள். திருகு இல்லை, திரை இல்லை. ஓட்டுகிறவர்கள் அந்த மலையிலேயே வளர்ந்த பிள்ளைகள். கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்கு உள்ளே கொடுக்காமல் வெளியே வைத்துப் பிடிப்பார்கள். கல்லில் மோதிய சக்கரம் ஸ்டீயரிங்கைச் சுண்டினால் உள்ளே கொடுத்த விரல் உடையும். எந்தக் கல்லின் மேல் டயரை ஏற்ற வேண்டும், எதை நடுவில் விட வேண்டும் என்பது நேற்றைய மழைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியிருக்கும், அதையும் முகப்பு விளக்கின் வெளிச்சத்திலேயே பார்த்துக்கொள்வார்கள். உச்சியில் இறங்கிய பயணி வண்டியின் பானெட்டைத் தட்டிச் சொல்வார்: "ஜீப்பு சும்மா பிச்சிக்கிட்டு ஏறுதுண்ணே!" அந்த அண்ணன் சிரிப்பார். அவருக்கும் பழகிப்போன இலக்கணம்.

வண்டியே எழுவாய் ஆகும்போது பெருமை வண்டிக்குப் போவதில்லை. இரும்புக்குப் பெருமை எதற்கு? அது வண்டியை வாங்கியவருக்குப் போகிறது. பல ஆண்டுகள் மண்ணோடு பழகிச் சம்பாதித்த அறிவைக் கூலிக்காரரின் கையிலிருந்து எடுத்து விலைச்சீட்டில் ஒட்டுகிற வேலையை இந்த வாக்கியங்கள் செய்கின்றன. இயந்திரத்தின் திறன் வளர்ந்ததால் மனிதத் திறமை தேவையற்றதாகிவிட்டது என்ற கூற்றை நாம் எதிர்ப்பதற்கு, அது தவறான பொறியியல் என்பது ஒரு காரணம். இது அதைவிடப் பெரிய காரணம்.

நம் பழைய மொழி இந்தத் தவற்றைச் செய்யவில்லை. தேரோட்டிக்குச் சங்க இலக்கியத்தில் வலவன் என்று பெயர். வல்லமை, வல்லுநர் என்ற சொற்களின் வேர்தான் அதற்கும். ஓட்டுகிறவன் என்றாலே திறமையுள்ளவன் என்று பொருள்படும் சொல் அது. போர்முடித்துத் திரும்பும் முல்லைத்திணைத் தலைவன் தேரின் சிறப்பைச் சொல்லும்போதே வலவனைக் கூப்பிட்டுப் பேசுகிறான். சில பாட்டுகளில் அவனைப் புகழவும் செய்கிறான். தேரை விரைவாக ஓட்டச் சொல்வதும் உண்டு, வழியில் இருக்கும் சிற்றுயிர்களுக்குத் தீங்கு வராமல் பார்த்து ஓட்டச் சொல்வதும் உண்டு. வலவன் இல்லாமல் தானே இயங்கும் ஊர்தி ஒன்று புறநானூற்றின் 27ஆம் பாட்டில் வருகிறது. புகழோடு இறந்தவர்களை வானுலகுக்கு ஏற்றிச்செல்லும் ஊர்தி அது. பூமியில் ஓடுவது அல்ல.

நாம் வண்டி வாங்க வேண்டாம் என்று யாரையும் தடுக்கவில்லை. நல்ல வண்டியை வாங்குங்கள், பூட்டுகள் இருந்தால் இன்னும் நல்லது. விற்கிறவர்களிடம்தான் கேட்கிறோம். பெருநகரங்களில் விற்பனைக் காட்சிக்காக மண்மேடும் சாய்வுப் பலகையும் செயற்கைப் பள்ளமும் அமைத்து, நிறுவனத்தின் ஆளே ஓட்டி, வாங்க வந்தவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து வியக்கச் செய்கிறார்கள். அதே மேட்டில் வாங்குகிறவரை முதலில் இறக்கி நடக்கவிடட்டும். ஒரு காற்றழுத்தமானியைக் கையில் கொடுத்து நான்கு டயரிலும் காற்றைக் குறைக்கச் சொல்லட்டும். முக்கால் மேட்டில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கி இறங்க அவருக்கே கற்றுக்கொடுக்கட்டும். அரைநாள் போதும். சாவியை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.